சாவி கையில், பேட்டரி யார் தலையில்?

(பெங்களூர் அல்சூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "மின்சாரக் கார் சாமானியர் கைக்கு எப்போது வரும்?" என்பது. 2001-லேயே வந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அது பொய்யும் ஆகாது. அந்த ஆண்டில்தான் இதே ஊரில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தயாரான ரேவா என்ற குட்டிக் கார் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். டெஸ்லா கம்பெனி அப்போது பிறக்கவே இல்லை. அது தொடங்கியது 2003-ல். அதன் முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2008-ல். அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே நம் ஊர்ச் சாலையில் பெட்ரோல் டேங்க் இல்லாத கார் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் 25 வருஷம் கழித்தும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? முதலில் வந்தவர்களுக்குப் புதுமைக்காரர் என்ற பெயர் கிடைத்தது, சந்தை கிடைக்கவில்லை. மலிவு என்று வந்த வண்டி வாங்கும் நாளில் மலிவாக இருந்தது, வைத்துக்கொள்ளும்போது மலிவாக இல்லை. இந்த இரண்டும் ஒரே முடிச்சு என்பது என் எண்ணம். அந்த முடிச்சு பேட்டரியில் இருக்கிறது.

சேதன் மைனி பெங்களூர்ப் பிள்ளை. தந்தை சுதர்சன் மைனி இங்கே துல்லியமான எந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிலை வளர்த்தவர். மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கப் போனார். 1990-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் ஃப்ளோரிடாவிலிருந்து மிச்சிகன் வரை சூரிய சக்திக் கார்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. மிச்சிகன் மாணவர்கள் செய்த 'சன்ரன்னர்' முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் பந்தயத்தில் மூன்றாமிடம். அந்தக் குழுவில் மைனியும் இருந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பு, அமெரிகான் என்ற கலிஃபோர்னியக் கம்பெனியில் வேலை. 1994-ல் மைனி குழுமமும் அமெரிகானும் சேர்ந்து ரேவாவைத் தொடங்கின. அமெரிகானின் பிற்காலக் கதை வேடிக்கையானது. மின்சாரக் காரை விட்டுவிட்டு, காரின் இருக்கையைச் சூடாக்கிக் குளிர்விக்கும் கருவியில் இறங்கி, அதிலேயே பெரிய கம்பெனி ஆகிவிட்டது. இன்று அதன் பெயர் ஜென்தெர்ம்.

ரேவாவுக்கு முன்னாலும் நம் பக்கத்தில் ஒரு முயற்சி உண்டு. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் இயங்கிய எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா துணையோடு 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் காரைச் செய்து 1993 தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டியது. விரல் விட்டு எண்ணும் அளவுக்கு விற்று, நின்றுபோனது. கோவைக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழில் வரலாற்றில் இப்படி அடிக்குறிப்பாகப் போனவர்கள் நிறைய.

ரேவாவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பாகத்திலும் விலையைக் குறைக்கும் பிடிவாதம் தெரியும். நீளம் இரண்டரை மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். இரும்புச் சட்டத்தின் மேல் தகரத்துக்குப் பதிலாக ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உடல், தகரம் அழுத்தும் பெரிய பிரஸ் எந்திரங்களுக்குப் பல கோடி போட வேண்டியதில்லை. முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். இருக்கைக்கு அடியில் எட்டு ஈய அமில பேட்டரிகள், மொத்தம் 48 வோல்ட். ஒரு முறை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 65. வீட்டில் கீசருக்கு வைத்திருக்கும் 15 ஆம்பியர் பிளக்கே போதும். எட்டு மணி நேரத்தில் நிறையும். முழு பேட்டரிக்கு ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரம். நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பில் 65 கிலோமீட்டர் வேகமே ஆடம்பரம் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுதான் புதுமை என்று நான் சொல்வேன். யாரும் செய்யாததைச் செய்வது ஒரு வகைத் திறமை. கையில் இருக்கும் சாதாரணப் பொருட்களை வைத்து, ஒரு நடுத்தரக் குடும்பம் கேட்டால் திகைக்காத விலைக்குள் ஒரு வண்டியை அடைப்பது அதைவிடக் கடினமான திறமை. ஆனால் இந்தத் திறமைக்கு உலகம் மாலை போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்பதற்கு வாங்குபவரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

2001-ல் இரண்டரை லட்சம் கையில் இருந்த ஒருவர் முன்னால் மாருதி 800 நின்றது. ரேவாவைவிட விலை குறைவு. ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு திருப்பதி போகலாம். பழுதானால் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் பார்ப்பார். ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றால் நல்ல காசு. ரேவாவில் பெட்ரோல் செலவு இல்லை, உண்மை. ஆனால் அந்த ஈய அமில பேட்டரி மூன்று நான்கு வருஷத்தில் களைத்துவிடும். மொத்தத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். மாதாமாதம் பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசை நான்காம் வருஷம் ஒரே மூச்சில் பேட்டரிக்காரரிடம் கொடுக்க வேண்டும். அந்த நான்காம் வருஷத்தில் பழைய ரேவாவை விற்கப் போனால், வாங்க வருபவரின் முதல் கேள்வியே "பேட்டரி எப்போது மாற்றியது?" என்பதுதான். ஆக, கம்பெனி விலையைக் குறைத்தது, ஆபத்தைக் குறைக்கவில்லை. அதை அப்படியே வாங்குபவர் தலையில் வைத்துவிட்டது. அதனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்தவர்கள், போர்டிகோவில் பிளக் பாயின்ட் இருந்தவர்கள். சாமானியருக்காகச் செய்த கார் வசதியானவரின் இரண்டாவது கார் ஆனது.

இதே கார் லண்டனில் வேறு கதை. 2003 பிப்ரவரியில் லண்டன் நகரம் தன் மையப் பகுதிக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் போட்டது. நாளுக்கு 5 பவுண்டு. 2005-ல் அது 8 ஆனது. மின்சாரக் காருக்கு விலக்கு. 2004-லிருந்து ரேவா அங்கே 'ஜி-விஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் நிறுத்தக் கட்டணமும் இல்லை. கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 250 வேலை நாள், நாளுக்கு 8 பவுண்டு என்றால் 2,000 பவுண்டு. கார் விலை ஏழெட்டாயிரம் பவுண்டு. நான்கு வருஷத்தில் நெரிசல் கட்டணமே காரின் விலையைக் கொடுத்துவிடுகிறது. நிறுத்தக் கட்டணம் தனி லாபம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜி-விஸ் அந்த ஊரில் ஓடின. பொம்மசந்திராவில் செய்த கார், பெங்களூரில் தயங்கி, லண்டனில் ஓடியது. பொறியியல் மாறவில்லை. மாநகர நிர்வாகம் ஒரு கையெழுத்தில் அதைக் கட்டுப்படியாக்கியது.

ஆனால் பெயர்? அங்கேதான் அடி விழுந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அது முழுக் கார் வகையில் வராது. நாற்சக்கர மிதிவண்டிக்கு அண்ணன், காருக்குத் தம்பி என்ற மாதிரியான ஒரு தனி வகை. அந்த வகைக்கு மோதல் சோதனை கட்டாயமில்லை. 2007-ல் 'டாப் கியர்' பத்திரிகை ஒரு ஜி-விஸ்ஸை மோதவிட்டுப் பார்த்தது. முடிவு மோசம். அந்த நாளிலிருந்து அந்தக் கார் நகைச்சுவைப் பொருள். புதுமைக்காரர் என்று எழுதிய அதே பத்திரிகை உலகம் கேலிச்சித்திரமும் போட்டது. இதில் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. பாதுகாப்பு என்பது மலிவுக்காக விட்டுக்கொடுக்கக்கூடிய சங்கதி இல்லை. குழந்தைகள் உட்காரும் பின் இருக்கை அது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2007-ல் நேர்மின் மோட்டாரை மாற்றி ஏ.சி. மோட்டார் வைத்தது, வேகம் 80 ஆனது. 2009-ல் லித்தியம் அயனி பேட்டரி வைத்த வடிவம் வந்தது. அதே ஆண்டு ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இரண்டு புது மாதிரிகளைக் காட்டியது. ஒன்றை வடிவமைத்தவர் திலீப் சாப்ரியா. வழியில் பேட்டரி தீர்ந்துபோனால் கம்பெனிக்குச் சொன்னதும் தொலைவிலிருந்தே சேமிப்பில் இருக்கும் கொஞ்சம் சக்தியைத் திறந்துவிடும் ஏற்பாட்டையும் ரேவா அங்கே அறிவித்தது. சாப்ட்வேர் வழியாகக் காரைக் கவனிப்பதை இன்று உலகமே பேசுகிறது. அன்று பெங்களூர்க்காரர்கள் செய்து காட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஸ்பார்க் காரை மின்சாரத்தில் ஓட்ட ரேவாவோடு கைகோத்தது. பிறகு 2010 மே மாதம் மஹிந்திரா ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொண்டது.

மஹிந்திரா கைக்கு வந்த பிறகு 2013 மார்ச்சில் 'இ2ஓ' வந்தது. லித்தியம் பேட்டரி, 100 கிலோமீட்டர். தில்லியில் அரசு மானியம் போக 5.96 லட்சம். அந்த மானியம் இல்லாத சொந்த ஊரில் விலை அதைவிட அதிகம். 2001-ன் இரண்டரை லட்சம் எங்கே, இது எங்கே! விற்பனை தள்ளாடியது. அப்போது மஹிந்திரா ஒரு நல்ல யோசனை செய்தது. 2014-ல் தில்லி விலையை 4.99 லட்சமாக இறக்கியது. பேட்டரிக்கு மாதம் 2,599 ரூபாய், ஐந்து வருஷத்துக்கு. அதாவது காரை வாங்குங்கள், பேட்டரிக்கு வாடகை கொடுங்கள். பெங்களூரில் வீட்டை லீஸுக்கு எடுத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கூரை ஒழுகினால் அது வீட்டுக்காரர் பாடு. ஐந்து வருஷக் கணக்கைக் கூட்டினால் பேட்டரிக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் ஆகிறது. மலிவில்லை. ஆனால் பேட்டரி கெட்டுப்போனால் யார் பாடு என்ற கேள்விக்கு "கம்பெனி பாடு" என்று ஒரு கம்பெனி பதில் சொன்னது. என்னைக் கேட்டால், ஃப்ராங்க்ஃபர்ட்டில் காட்டிய எல்லா மாதிரிகளையும்விட இதுதான் பெரிய புதுமை. விளம்பரத்தில் எடுபடவில்லை. பேட்டரியைப் பிரித்து விற்பது என்றால் ஏதோ மறைக்கிறார்கள் என்று ஜனங்கள் நினைத்தார்கள் போலிருக்கிறது.

குடும்பங்கள் ஒதுக்கிய இ2ஓ-வை வேறொருவர் எடுத்துக்கொண்டார். லித்தியம் அர்பன் டெக்னாலஜீஸ் என்ற பெங்களூர் நிறுவனம் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஏற்றி இறக்க இந்தக் காரை நூற்றுக்கணக்கில் ஓட்டியது. பாதை தெரியும், நேரம் தெரியும், சார்ஜ் செய்யும் இடம் அலுவலக வளாகத்திலேயே இருக்கிறது. நாளெல்லாம் வண்டி ஓடுகிறது. மின்சாரக் காருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கார் விற்பவர்கள் கண்ணுக்கு இந்த உண்மை படவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தப் பேச்சுக்கு மீண்டும் வருகிறேன்.

இப்போது டெஸ்லாவைப் பார்ப்போம். 2006 ஆகஸ்டில் ஈலான் மஸ்க் தன் திட்டத்தை வெளிப்படையாகவே எழுதினார். முதலில் பணக்காரருக்கு ஒரு விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார். அந்தப் பணத்தில் அதைவிட விலை குறைந்த கார். அந்தப் பணத்தில் இன்னும் குறைந்த கார். முதலில் வந்த ரோட்ஸ்டர் என்ற காரின் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். வாங்கியவர்களுக்குப் பேட்டரி பற்றிய கவலை இருந்திருக்கலாம். அதைத் தாங்கப் பணமும் இருந்தது. ரேவா கீழிருந்து மேலே ஏற முயன்றது, டெஸ்லா மேலிருந்து கீழே இறங்கியது. மேலே இருப்பவர் வாங்கியதை ஊரே ஏக்கத்தோடு பார்க்கும். கீழே இருப்பவருக்கு விற்றதை ஊர் சந்தேகத்தோடு பார்க்கும். டாடா நானோவுக்கும் இதுதான் நடந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்ற அடைமொழியே அதற்குப் பாரமானது. மிக மலிவான கார் என்று அதை விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார்.

புதுமை முதலில் பணமுள்ளவரிடம் போவது நம் ஊருக்குப் புதிதல்ல. காவிரி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-ல் முதலில் போனது கோலார் தங்க வயலுக்கு. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரத்துக்குக் காசு கொடுத்தது ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது மூன்று வருஷம் கழித்து, 1905 ஆகஸ்ட் 5-ல். புதுச் சரக்கு முதலில் காசுள்ள வாசலுக்குத்தான் போகும். 1912-ல் அமெரிக்காவிலும் மின்சாரக் கார் தோற்றது விலைக் கணக்கில்தான். மின்சாரக் கார் 1,750 டாலர், பெட்ரோல் கார் 650 டாலர். அதே ஆண்டு பெட்ரோல் எஞ்சினைக் கைப்பிடி சுற்றாமல் கிளப்பும் மின் ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. மின்சாரக் காருக்கு இருந்த பெரிய சௌகரியமும் போனது.

டெஸ்லாவின் மவுசு எப்படிப்பட்டது என்பதற்கு இதே ஊரில் ஒரு சான்று உண்டு. 2021 ஜனவரியில் அந்தக் கம்பெனி தன் இந்தியக் கிளையை லாவெல் ரோடு விலாசத்தில் பதிவு செய்தது. பதிவு செய்ததற்கே எத்தனை கொண்டாட்டம்! கடைசியில் 2025 ஜூலையில் முதல் ஷோரூம் திறந்தது மும்பையில்; மாடல் ஒய்-யின் விலை 59.89 லட்சத்தில் தொடங்கியது. ஒரு விலாசத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிகூட பொம்மசந்திராத் தொழிற்சாலைக்குக் கிடைத்ததில்லை. மஹிந்திராவும் பாடம் கற்றுக்கொண்டது. 2024 நவம்பரில் வந்த அதன் 'பிஇ 6' தொடங்கும் விலை 18.90 லட்சம். செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி, நம்மவர்கள் உழைப்பு, நல்ல வண்டிதான். ஆனால் ரேவாவை வாங்கிய கம்பெனி ரேவாவின் பாதையில் நடக்கவில்லை, மஸ்க்கின் பாதையில் நடக்கிறது.

சரி, விலை உண்மையில் எதனால் இறங்கியது? இதற்கு எந்தக் கார் கம்பெனியும் தனியாக உரிமை கொண்டாட முடியாது. ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்குப்படி, 2010-ல் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் லித்தியம் பேட்டரி ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் 115 டாலர். டாடா டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 24 யூனிட் பிடிக்கும். 2010 விலையில் அதைச் செய்திருந்தால் பேட்டரி மட்டும் 24,000 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். இந்த வீழ்ச்சியில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எல்.எஃப்.பி. பேட்டரிக்கும் பங்கு உண்டு. கோபால்ட், நிக்கல் என்று விலையேறிய சரக்கு அதில் இல்லை, சீக்கிரம் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். இதை உலகுக்கு அறிவித்தது 1997-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. எழுதியவர்கள் மூவர்: பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப். 2019-ல் நோபல் வாங்கிய ஜான் குட்இனஃப் அவர்களை உலகம் அறியும். மற்ற இரண்டு பெயர்களைப் பேட்டரித் தொழிலுக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு இரண்டாவது பெயர் அந்நியமாகப் படாது. கண்டுபிடிப்பு அமெரிக்காவில் நடந்தது. அதை மலை மலையாகச் செய்து விலையை நொறுக்கியது சீனா. நம் நாட்டில் ஓடும் மின்சாரக் கார்களின் செல்கள் பெரும்பாலும் இன்னும் அங்கிருந்துதான் வருகின்றன. எந்த ஷோரூமிலும் இதைப் போர்டு வைத்துச் சொல்வதில்லை.

இனி நம் பாக்கெட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் டியாகோ மின்சாரக் கார் 8.49 லட்சத்துக்கு வந்தது; முன்பதிவு திறந்த ஒரே நாளில் பத்தாயிரம் பேர் பதிந்தார்கள். விலை, அதே காரின் பெட்ரோல் வடிவத்தைவிட அன்று ஏறத்தாழ மூன்று லட்சம் அதிகம். பெங்களூர் நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 ரூபாய். மின்சாரக் கார் வீட்டு மின்சாரத்தில் ஒரு ரூபாய். வித்தியாசம் 6 ரூபாய். மூன்று லட்சத்தை மீட்க 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டும் அலுவலகக்காரருக்கு ஐந்தரை வருஷம் ஆகும். மாதம் 4,000 ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு ஏறத்தாழ ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.

இதில் இருக்கும் விநோதத்தைப் பாருங்கள். யாருக்கு இந்தக் கார் உடனே லாபமோ, அவருக்குக் கடன் கிடைப்பதில்லை, சார்ஜ் செய்யச் சொந்த இடமில்லை. யாருக்கு லாபம் தாமதமோ, அவருக்கு வங்கி தேடி வந்து கடன் கொடுக்கிறது. ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட்டில் இருப்பவர் சங்கத்தோடு சண்டை போட்டாவது ஒரு சார்ஜர் மாட்டிவிடுவார். 30-க்கு 40 அடி சைட்டில் நான்கு மாடி கட்டி எட்டுக் குடித்தனம் வைத்த வீட்டில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கேப் டிரைவர் எங்கே போய் பிளக் தேடுவார்? அவர் பொது சார்ஜருக்குப் போனால் ஒரு ரூபாய்க் கணக்கு இரண்டு, மூன்று ரூபாயாக மாறிவிடும். டிரைவருக்கு வண்டியைத் தானே கொடுத்து ஓட்டச் சொன்ன ப்ளூஸ்மார்ட் என்ற டாக்ஸி நிறுவனம் 2022-ல் பெங்களூருக்கு வந்தது. அதன் முதலாளிகளின் பண விவகாரத்தில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி தலையிட்ட 2025 ஏப்ரலில் சேவை நின்றது. ஓட்டியவர்கள் ஒரே இரவில் தெருவில் நின்றார்கள். தவறு காரில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் உள்ள விலை இடைவெளியில் வரியும் விளையாடுகிறது. 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28-லிருந்து 18 ஆனது. பெட்ரோல் கார் மலிவாகிவிட்டது. மின்சாரக் காரின் ஐந்து சதவீதம் அங்கேயே நிற்கிறது. 2017-ல் நாட்டிலேயே முதலில் மின்சார வாகனக் கொள்கை அறிவித்தது கர்நாடகம். 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி போட்டதும் அதே மாநிலம்தான். அந்த வரியை நான் எதிர்க்கவில்லை. 25 லட்சத்துக்குக் கார் வாங்குபவர் வரி கட்டலாம். வசூலாகும் பணத்தைக் குடித்தனங்கள் நிறைந்த தெருக்களில் சார்ஜர் கம்பங்களாக நட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

பத்து வருஷம் முன்னால் எடுபடாத பேட்டரி வாடகை இப்போது எடுபட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் என்ற மின்சாரக் கார் வந்தது. அறிமுக விலை பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். பல மாதங்கள் நாட்டில் அதிகம் விற்ற மின்சாரக் கார் அதுதான். கணக்கில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். தள்ளிக் கொடுத்தது 3.51 லட்சம், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டரில் அந்தத் தொகை முழுதும் கட்டி முடிந்துவிடும். குறைவாக ஓட்டுபவருக்கு லாபம். அதிகம் ஓட்டுபவர் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு லட்சத்துக்குப் பிறகு மீட்டர் ஓடுமா, நிற்குமா? மாதம் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கட்டியாக வேண்டும்? வண்டி வாசலில் சும்மா நின்றாலும் பணம் போகும் திட்டங்கள் உண்டு. மஹிந்திராவின் 2014 யோசனைக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. இடையில் பேட்டரியின் ஆயுள் கூடியது, விலை இறங்கியது, வாடகைக்கு விடுபவருக்கு நஷ்டம் வராது என்ற தைரியம் வந்தது. சேதன் மைனியும் இதே நூலைப் பிடித்துக்கொண்டு 2017-ல் சன் மொபிலிட்டியைத் தொடங்கினார். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி நிறைந்ததை மாட்டும் தொழில். பெரும்பாலும் ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும். கார் செய்தவர் காரை விட்டுவிட்டார், பேட்டரியை விடவில்லை.

கடைசியாக ஒன்று. நம் நாட்டில் முதல் கார் வாங்கும் குடும்பங்களில் ஏராளமானவை ஷோரூம் படியே ஏறுவதில்லை. பழைய காரைத்தான் வாங்குகின்றன. மாருதி 800 சாமானியர் காரானது அதன் புது விலையால் மட்டும் இல்லை. மூன்றாம் கைக்கு, நான்காம் கைக்குப் போனாலும் அதை நம்பி வாங்கலாம் என்ற நம்பிக்கையால். மின்சாரக் காருக்கு அந்தச் சந்தை இன்னும் சரியாக உருவாகவில்லை. இப்போது கம்பெனிகள் பேட்டரிக்கு ஆயுள் முழுக்க வாரண்டி என்று விளம்பரம் செய்கின்றன. சின்ன எழுத்தைப் படித்தால் அது முதல் உரிமையாளருக்கு. மஹிந்திராவின் புதுக் கார்களில் வண்டி கைமாறினால் பத்து வருஷம் அல்லது இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்று சுருங்குகிறது. அதுவே நல்ல ஏற்பாடுதான். எல்லாரும் அவ்வளவு தருவதில்லை. பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் பேட்டரியின் எஸ்.ஓ.எச். அளவைக் கேளுங்கள். புதிதாக இருந்தபோது பிடித்ததில் இன்று எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று சொல்லும் எண் அது; கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எடுத்த தாளாக வாங்குங்கள். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினால், எவ்வளவு பெரிய கம்பெனியின் வண்டியாக இருந்தாலும், பஸ் பிடித்து வீடு திரும்பிவிடுங்கள்.